‘உறவுமுறை’ என்ற கட்டத்தில் என்ன எழுதுவது

வைத்தியசாலையில் அனுமதிக்கும்போது தந்த படிவத்தில் பெயர், வயது, முகவரி எல்லாம் தாண்டி, கூட வந்தவரின் விபரத்துக்குக் கீழே ஒரு சின்னக் கட்டம் இருந்தது. ‘உறவுமுறை’. 2022 ஜூன் முதல் கிழமை, இரவு பதினொரு மணி. பெற்றோலுக்கு ஊரே வரிசையில் நின்ற நாட்கள் அவை. 1990 என்ற அவசர இலக்கத்துக்கு எடுத்ததும் அம்புலன்ஸ் வந்ததே பெரிய காரியம். அவளுக்குத் தலைக்குள் இரத்தக் கசிவு. நான் அந்தக் கட்டத்தில் ‘சிநேகிதி’ என்று எழுதினேன். வெள்ளவத்தைத் தொடர்மாடியில் ஒரே வீட்டில் பதினொரு வருஷம் வாழ்ந்தவளுக்கு அந்த நேரத்தில் கைக்கு வந்த சொல் அதுதான். அடுத்த பத்தொன்பது மாதமும் வைத்தியசாலை, வங்கி, அவளுடைய வீட்டார் எல்லாரும் அந்தச் சொல்லை வைத்தே என்னோடு கதைத்தார்கள். போனது 38 இலட்சம் அளவு. திரும்பி வந்தது 12 இலட்சம். அதில் 2 இலட்சத்து 65 ஆயிரம் சட்டச் செலவு. இதையெல்லாம் முன்கூட்டியே யாராவது சொல்லியிருந்தால் மிஞ்சிப்போனால் ஒரு நாலு நாள் அலைச்சலோடு முடிந்திருக்கும். அதனால்தான் எழுதுகிறேன். நாங்கள் இரண்டு பெண்கள். எங்கள் காதல் கதை இதில் வராது. அது எனக்கு இருக்கட்டும்.

முதலில் வைத்தியசாலை. அவசர சிகிச்சைக்கு யாருடைய கையெழுத்துக்காகவும் வைத்தியர்கள் காத்திருக்கவில்லை, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சிக்கல் அதற்குப் பிறகுதான். தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் ‘நெருங்கிய சொந்தம் ஆர்?’ என்று கேட்டார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து அவளுடைய அண்ணா வந்து சேரும்வரைக்கும் எனக்கு ஒரு தகவலும் சொல்லவில்லை. அவர் வந்த பிறகு எனக்குச் சொல்லத் தேவையில்லாமல் போனது. இப்போது யார் கேட்டாலும் நான் சொல்வது: ‘சிநேகிதி’, ‘அறைத்தோழி’ இரண்டையும் எழுதாதீர்கள். ‘பாதுகாவலர்’ என்று எழுதுங்கள். அது பொய்யில்லை, வார்டில் உள்ளவர்களுக்கும் விளங்குகிற சொல். கூடவே இருவரும் ஆளுக்கொரு கடிதம் முன்பே எழுதி வையுங்கள். ‘எனக்கு நினைவு தப்பினால் முதலில் அறிவிக்க வேண்டியவர் இவர், என் நிலைமையை இவரிடம் சொல்லலாம், என்னை வந்து பார்க்க இவருக்கு என் சம்மதம் உண்டு’ என்று மூன்று வரி, இரண்டு பேரின் முழுப்பெயர், அடையாள அட்டை இலக்கம், திகதி, கையெழுத்து. தமிழில் ஒன்று, சிங்களத்தில் ஒன்று. அது வைத்தியசாலையைச் சட்டப்படி கட்டிப்போடாது. ஆனால் இரவு இரண்டு மணிக்கு வார்டில் நிற்கும் ஒரு தாதிக்குக் கடுதாசி ஒன்று கையில் இருந்தால் முடிவெடுப்பது இலேசு. ஒரு பிரதி கைப்பையில், ஒரு படம் போனில்.

மூன்றாம் நாள் அவள் போய்விட்டாள். உடலைப் பொறுப்பெடுத்ததும், இறப்பைப் பதிந்ததும், மலர்ச்சாலைக்குக் காசு கட்டியதும் அண்ணாதான். நான் மூன்றாவது வரிசைக் கதிரையில் இருந்தேன். பக்கத்தில் இருந்த மாமி ஒருவர் ‘பிள்ளை, நீர் ஒஃபிசில கூட வேலை செய்யிறனீரோ’ என்று கேட்டார். ஓம் என்றேன். அதைப் பற்றி இவ்வளவு போதும்.

ஆனால் அவள் போன பிறகு, செத்தவீட்டுக்கு முந்தின நாள் நான் செய்த ஒரு மடத்தனத்தைக் கட்டாயம் சொல்ல வேண்டும். அவளுடைய ஏரிஎம் அட்டையின் இரகசிய இலக்கம் எனக்குத் தெரியும். அந்த மாத வீட்டுக் கடன் தவணையும் மின்சார பில்லும் கட்ட 85,000 ரூபாய் எடுத்தேன். மாதாமாதம் செய்கிற வேலை, கை தன்பாட்டில் செய்தது. ஒருவர் இறந்த நிமிஷத்திலிருந்து அந்தக் கணக்கு அவருடைய மரணச் சொத்து. அட்டையைத் தொட உங்களுக்கு எந்த உரிமையும் இல்லை, எவ்வளவு நல்ல நோக்கமாக இருந்தாலும். அந்த 85,000 பிறகு ‘களவு’ என்ற பெயரோடு என் முன்னால் வந்து நின்றது. பங்குபோட்டுச் செலவு செய்யும் கணக்கு ஒன்று வேண்டுமென்றால் உயிரோடு இருக்கும்போதே இருவர் பெயரிலும் திறந்து, ‘இருவரில் எவரும் அல்லது எஞ்சியிருப்பவர்’ என்ற முறையில் இயக்கச் சொல்லி வங்கிக்கு எழுத்தில் கொடுங்கள். ஒருவர் பெயரில் இருக்கும் கணக்குகளுக்கு நொமினி போடலாம். வங்கிக்கு உறவு தேவையில்லை, பெயரும் அடையாள அட்டை இலக்கமும் போதும். கவுன்டரில் இருந்த பிள்ளை ‘உறவினர் பெயர்தான் போடலாம்’ என்று அவளிடம் ஒருமுறை சொல்லி அனுப்பியிருக்கிறது. அப்படிச் சொன்னால் முகாமையாளரிடம் போங்கள், எழுத்தில் தரச் சொல்லுங்கள். எழுத்தில் தரமாட்டார்கள், படிவத்தைத் தருவார்கள்.

ஊழியர் சேமலாப நிதியும் இப்படித்தான். ஊழியர் 8 வீதம், முதலாளி 12 வீதம் என்று மாதாமாதம் சேர்வது பதினைந்து வருஷத்தில் சின்னக் காசில்லை. அவள் இருபத்திரண்டு வயதில் முதல் வேலைக்குப் போனபோது அம்மாவின் பெயரை நொமினியாகப் போட்டிருந்தாள். அம்மா 2016இல் இறந்துவிட்டார். அதற்குப் பிறகு யாரும் அந்தப் படிவத்தை எடுத்துப் பார்க்கவில்லை. நொமினி உயிரோடு இல்லையென்றால் காசு வாரிசுகளுக்குப் போகும். அவளுக்கு வாரிசு என்றால் சட்டத்தின் கண்ணில் சகோதரங்கள்தான். உங்களுடைய முதல் வேலையில் யார் பெயரைப் போட்டீர்கள் என்று நினைவிருக்கிறதா? எனக்கும் இருக்கவில்லை.

எட்டாம் நாள் வேலை முடிந்து வந்தபோது திறப்பு பூட்டுக்குள் போகவில்லை. பூட்டை மாற்றிவிட்டார்கள். என்னுடைய உடுப்புகளை இரண்டு உரப்பைகளில் கட்டி லிஃப்டுக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்கள். காஸ் சிலிண்டர் உள்ளே. அந்த மாதம் கொழும்பில் நிரம்பிய சிலிண்டர் ஒன்றின் பெறுமதி என்னவென்று இருந்தவர்களுக்குத் தெரியும். இரண்டு நாள் வரிசையில் நின்று நான் எடுத்து வந்தது. வீடு போனதைவிட அந்தச் சிலிண்டருக்காகத்தான் அன்று நான் படியில் இருந்து அழுதேன், வெட்கமாகத்தான் இருக்கிறது.

என் கைப்பையில் அற்றோணித் தத்துவம் இருந்தது, அவள் சார்பில் நான் அலுவல் பார்க்க அதிகாரம் தரும் பத்திரம். அவள் எனக்கு எழுதித் தந்தது, நொத்தாரிசு முன்னால் கையெழுத்து வைத்தது. இது இருந்தால் எல்லாம் ஓகே என்று இரண்டு பேரும் நினைத்துக்கொண்டு நிம்மதியாக இருந்தோம். எங்களைப்போல வாழ்கிற எத்தனையோ பேர் இன்றைக்கும் அதையே நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அற்றோணித் தத்துவம் எழுதிக் கொடுத்தவர் உயிரோடு இருக்கும்வரைதான். மூச்சு நின்றதும் அந்தக் கடுதாசியும் செத்துவிடும். செத்த பிறகு பேசுகிற பத்திரம் ஒன்றுதான், மரணசாசனம், அதாவது உயில்.

அதை எழுதுவது எவ்வளவு சுலபம் என்று பிறகு தெரிந்தபோது எனக்கு வந்தது கோபம். நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் இருந்து, அவர்கள் முன்னால் எழுதியவர் கையெழுத்து வைத்தால் போதும். நொத்தாரிசு இல்லாமலும் எழுதலாம், அப்போது ஐந்து சாட்சிகள் வேண்டும். 1840ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் அப்படிச் சொல்கிறது. ‘சொந்தத்துக்குத்தானே எழுத வேண்டும்’ என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. 1844ஆம் ஆண்டிலிருந்து இலங்கையில் தன் சொத்தைத் தான் விரும்பிய எவருக்கும் எழுதலாம், பிள்ளைக்கோ சகோதரத்துக்கோ கட்டாயப் பங்கு என்று ஒன்று வைக்கத் தேவையில்லை. வெள்ளைக்காரன் எங்கள்மேல் சுமத்திவிட்டுப் போன சட்டங்களில் எங்களுக்கு உதவுகிற ஒன்றும் இருந்திருக்கிறது, யாரும் சொல்லவில்லை.

எழுதும்போது கவனிக்க வேண்டியவை சில. சொத்துப் பெறுகிறவர் சாட்சியாக நிற்கவே கூடாது, அவருடைய வீட்டாரும் வேண்டாம். அலுவலக நண்பர்கள் இருவர் நல்லது, உங்களைவிட வயது குறைந்தவர்களாக இருந்தால் இன்னும் நல்லது. பின்னால் யாராவது மறுத்தால் சாட்சி சொல்ல உயிரோடு இருக்க வேண்டுமே. பெறுகிறவரை ‘என் துணை’ என்று எழுத வேண்டிய அவசியமில்லை. முழுப்பெயர், அடையாள அட்டை இலக்கம், முகவரி, அவ்வளவும் போதும். என்ன உறவு என்று பத்திரம் கேட்பதில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் எழுதினால் வழக்குப் போடுகிறவனுக்குத்தான் அது தீனி. நிறைவேற்றுநர் என்று, சாசனத்தில் உள்ளபடி செய்து முடிக்கும் பொறுப்பாளராக, ஒருவரின் பெயர் போட மறக்காதீர்கள். ஒவ்வொரு நொத்தாரிசுக்கும் இன்ன மொழியில்தான் எழுதலாம் என்று அனுமதி உண்டு. தமிழில் எழுத அனுமதியுள்ள ஒருவரைத் தேடிப்பிடியுங்கள், தான் வாசிக்க முடியாத மொழியில் எழுதிய சாசனத்தைத்தான் ‘விளங்காமல் கையெழுத்து வைத்தார்’ என்று முதலில் தாக்குவார்கள். நோயில் இருப்பவர் எழுதினால் அன்றைய திகதியில் வைத்தியரிடம் ‘தெளிவான நினைவோடு இருக்கிறார்’ என்று ஒரு கடிதம் வாங்குங்கள். எனக்கு இப்போது என்னுடையதை எழுத 15,000 ரூபாய் போனது.

இன்னொன்று, இது எங்கள் ஆட்களுக்கென்றே. கலியாணம் கட்டினால் அதற்கு முன் எழுதிய மரணசாசனம் செல்லாமல் போய்விடும். வீட்டாரின் கண்ணீருக்குப் பயந்து, பெயருக்கு ஒரு கலியாணம் முடித்துவிட்டுப் பழைய வாழ்க்கையையே தொடர்கிறவர்கள் இருக்கிறார்கள். பதிவு நடந்த அன்றைக்கே பழைய சாசனம் போய்விட்டது என்று அவர்களுக்குத் தெரியாது. திரும்ப எழுத வேண்டும்.

வீட்டின் கதை வேறு. 2014இல் வாங்கியபோது உறுதிப் பத்திரமும் கடனும் அவள் பெயரில் மட்டும் போட்டோம், அவளுடைய சம்பளத்துக்குத்தான் வங்கி கடன் தந்தது. நான் மாதம் 45,000 ரூபாய், 84 மாதம், என் பங்காகக் கொடுத்தேன். சில மாதம் காசாக, சில மாதம் வங்கி மூலமாக, குறிப்பு என்ற இடத்தில் ஒன்றும் எழுதாமல். கூட்டிப் பாருங்கள், 37 இலட்சத்து 80 ஆயிரம். பெரிய வயிற்றெரிச்சல் பிறகுதான் வந்தது. வீட்டுக் கடனோடு வங்கி ஆயுள் காப்புறுதி ஒன்று எடுப்பித்திருந்தது. அவள் இறந்ததும் காப்புறுதி மிச்சக் கடனை அடைத்துவிட்டது. வீடு கடனே இல்லாமல் வாரிசுகள் கைக்குப் போனது.

கடன் நிலுவையில் இருக்கும்போது வங்கியின் சம்மதமில்லாமல் பெயர் மாற்ற முடியாது. ஆகவே கடன் முடியும்வரைக்கும் மரணசாசனம்தான் உங்கள் குடை. கடன் முடிந்த பிறகு பாதியை எழுதி வைப்பதென்றால் செலவைப் பார்க்க வேண்டும். விற்பனை உறுதிக்கு முத்திரை வரி முதல் ஒரு இலட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம். 90 இலட்சம் பெறுமதியான பாதிக்கு 3,59,000 ரூபாய் வருகிறது. நன்கொடை உறுதிக்கு முதல் 50,000க்கு 3 வீதம், மிச்சத்துக்கு 2 வீதம், அதே பாதிக்கு 1,80,500. நொத்தாரிசுக் கூலி இதற்கு வெளியே. நன்கொடை மலிவு என்றாலும் கொடுத்தவர் பிறகு ‘நன்றி கெட்டு நடந்தார்’ என்று சொல்லி நீதிமன்றத்தில் திரும்பக் கேட்க இடமுண்டு, மனம் முறிந்து பிரிந்தவர்களுக்கு இது நடக்கலாம். எழுதிக் கொடுக்கிறவர் தன் பெயரில் சீவிய உரித்தை வைத்துக்கொண்டால் உயிரோடு இருக்கும்வரை அவரை யாரும் எழுப்ப முடியாது.

இரண்டு பேர் பெயரிலும் உறுதி இருந்தால் ஒருவர் போனதும் மற்றவருக்கு முழு வீடும் வந்துவிடும் என்று நினைக்காதீர்கள். வங்கிக் கணக்கு வேறு, காணி வீடு வேறு. இலங்கையில் அது பிரிக்கப்படாத பங்கு. இறந்தவரின் பாதி அவருடைய வாரிசுகளுக்குப் போகும். நீங்களும் அவருடைய அண்ணாவும் ஒரே வீட்டுக்குப் பங்காளிகள் ஆவீர்கள், குசினி யாருக்கு என்று அதற்குப் பிறகு பேசிக்கொள்ளலாம். உறுதியும் வேண்டும், ஆளுக்கொரு மரணசாசனமும் வேண்டும்.

பூட்டு மாறி இரண்டு நாளில் அண்ணா போன் எடுத்தார். மரியாதையாகத்தான் கதைத்தார். ‘தங்கச்சி, நீங்கள் அவவுக்குச் சிநேகிதியா இருந்ததுக்கு நன்றி. காசு எடுத்த விசயம் பொலிசுக்குப் போனா மற்ற விசயமும் வெளியில வரும். உங்கட அம்மா அப்பாவுக்கும் நல்லதில்லை.’ எனக்குக் கை நடுங்கியது. மூன்று மாதம் நான் வாயே திறக்கவில்லை. அந்த மூன்று மாதத்தில்தான் வீட்டை வாடகைக்குக் கொடுத்தார்கள். உள்ளே இருந்த பற்றுச்சீட்டுகள், கடன் கொப்பி எல்லாம் குப்பைக்குப் போனது.

‘மற்ற விசயம்’ என்று அவர் சொன்னதைச் சட்டத்தில் வைத்துப் பார்ப்போம். ஒரே பால் உறவுக்கு எதிராகப் பாவிக்கும் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ பிரிவுகள். 365அ முதலில் ஆண்களை மட்டுமே சொன்னது. 1995இல் திருத்தும்போது ‘ஆண்’ என்பதை எடுத்து ‘ஆள்’ என்று போட்டு எங்களையும் உள்ளே இழுத்தார்கள், சமத்துவம் என்றால் இப்படியும் வரும்போல. 365அவுக்கு உச்ச தண்டனை இரண்டு வருஷம். ஆனால் அந்தப் பிரிவு சொல்வது ஒரு செயலைப் பற்றி. இரண்டு பெண்கள் ஒரே வீட்டில் இருப்பது, ஒரே கணக்கு வைத்திருப்பது, ஒருவருக்கொருவர் சொத்து எழுதுவது எதுவும் குற்றமில்லை. 2022இலேயே பெண்களுக்கெதிரான பாரபட்சம் பற்றிய ஐநா குழு, இலங்கைச் செயற்பாட்டாளர் ரொசானா ஃப்ளேமர்-கல்தேரா கொண்டுபோன முறைப்பாட்டில், பெண்கள்மேல் இந்தப் பிரிவு பாய்வது தவறென்று இலங்கைக்குச் சொன்னது. அதை நீக்கும் தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணில்லை என்று 2023 மே மாதம் உயர் நீதிமன்றமும் சொன்னது. பிறகு 2024 செப்டெம்பரில் பாராளுமன்றம் கலைந்தது, சட்டமூலமும் அதோடு போனது. பிரிவு அப்படியே இருக்கிறது, வழக்குப் போடுவதைவிட வெருட்டுவதற்கு.

வெருட்டல் வந்தால் நான் செய்யாமல் விட்டவை இவை. போனில் பதில் சொல்லாமல் ‘எழுத்தில் அனுப்புங்கோ’ என்று வைத்துவிட வேண்டும். வாட்ஸ்அப்பில் உறவைப் பற்றி ஆம் என்றும் இல்லை என்றும் எழுதக்கூடாது. பொலிஸ் கூப்பிட்டால் தனியே போகக்கூடாது, சட்டத்தரணியோடு போக வேண்டும். வாக்குமூலத்தைத் தமிழில் எழுதச் சொல்லிக் கேட்கலாம், வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதியதற்குக் கீழே கையெழுத்து வைக்கக்கூடாது. போனைத் திறந்து கொடுக்கக்கூடாது. அத்துமீறல் நடந்தால் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996 இலக்கம் இருக்கிறது. காசில்லாதவர்களுக்குப் புதுக்கடை நீதிமன்ற வளவில் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. முகம் சுளிக்காத சட்டத்தரணி வேண்டுமென்றால் எங்கள் ஆட்களின் உரிமைக்காக 2004இலிருந்து கொழும்பில் இயங்கும் ஈக்வல் கிரவுண்ட் போன்ற இடங்களில் விசாரித்துப் பார்க்கலாம்.

நான் போன முதல் சட்டத்தரணிக்கு எல்லாவற்றையும் சொன்னேன். பத்தாயிரம் வாங்கிக்கொண்டு ‘இதில் தலையிட விருப்பமில்லை’ என்றார். இரண்டாவது ஒரு வயதான அம்மா. அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னார்: ‘பிள்ளை, நீர் காதலைக் கொண்டுவந்து மேசையில வைக்காதையும். காசைக் கொண்டுவந்து வையும்.’ கோரிக்கைக் கடிதத்தில் ஓரிடத்திலும் எங்கள் உறவு இல்லை. ஒருவர் இன்னொருவருடைய வீட்டுக்குப் போட்ட பணம், அதனால் வாரிசுகள் அடைந்த இலாபம், அவ்வளவுதான். வாய்ப்பேச்சு உடன்பாடு என்றால் மூன்று வருஷத்துக்குள், எழுத்தில் இருந்தால் ஆறு வருஷத்துக்குள் வழக்குப் போட வேண்டும் என்பதையும் அவர்தான் சொன்னார். அதற்கு முன்பே, 2022 ஜூன் 25 அன்று, காலிமுகத்திடலில் இருந்த போராட்டக் களமான கோட்டா கோ கமவுக்கு வானவில் கொடியோடு எங்கள் ஆட்கள் பகிரங்கமாக ஊர்வலம் போனார்கள். நான் தெஹிவளையில் ஒரு சிநேகிதியின் சாப்பாட்டு அறைத் தரையில் படுத்துக்கொண்டு போனில் பார்த்தேன். போயிருக்கலாம். போகவில்லை.

சாட்சியாகத் தேறியவை: வங்கி மூலம் அனுப்பிய 31 மாதத் தவணைகள், வாக்காளர் இடாப்பில் அந்த முகவரியில் என் பெயர், பிறகு மின்சார பில். காசாகக் கொடுத்த 53 மாதமும் காற்றோடு போயின. ஆகவே ஒரு ரூபாய் என்றாலும் வங்கி மூலம் அனுப்புங்கள், ‘வீட்டுக் கடன் பங்கு’ என்று குறிப்பு எழுதுங்கள். முகவரிக்கு வருகிற ஒரு பில்லாவது உங்கள் பெயரில் இருக்கட்டும். கிராம சேவகரிடம் பதிவை மாற்றுங்கள். தளபாடம், குளிர்சாதனப் பெட்டி வாங்கிய சீட்டுகளைப் படமெடுத்து வீட்டுக்கு வெளியே ஓரிடத்தில் வையுங்கள், பூட்டு மாறும் நாளில் வீட்டுக்குள் இருப்பது ஒன்றும் உங்களுடையதில்லை.

2024 ஜனவரியில் 12 இலட்சத்துக்கு இணங்கினேன். வழக்குக்குப் போனால் இன்னும் கிடைத்திருக்கும் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். ஆறேழு வருஷம் புதுக்கடைப் படியேற எனக்குத் தெம்பில்லை. இணக்கப் பத்திரத்தில் என்னை ‘கடன் கொடுத்தவர்’ என்று எழுதியிருந்தார்கள்.

மின்சார மானி இன்னும் என் பெயரில்தான் இருக்கிறது. யாரும் மாற்றவில்லை, நானும் மாற்றச் சொல்லி எழுதவில்லை. வாடகைக்கு இருக்கிறவர்கள் பில்லைக் கட்டத் தவறினால் எனக்குக் குறுஞ்செய்தி வருகிறது. போன மாதம் 3,140 ரூபாய். கட்டிவிட்டேன்.